வைரஸ் கல்லீரல் அழற்சி: ஆய்வகக் கண்காணிப்பு

ஏ, பி, சி, டி, இ என்னும் ஐந்து கல்லீரல் அழற்சி வைரஸ்கள் எங்கே, யாரிடையே, எவ்வழியாகப் பரவுகின்றன என்பதை இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தொடர்ந்து திரட்டிக் கண்டறியும் பொதுச் சுகாதாரப் பணி. மக்கள் மஞ்சள் காமாலை என்று சொல்வது இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். எலிக்காய்ச்சலாகவோ பித்தக்கல்லாகவோகூட இருக்கலாம். கண்ணின் மஞ்சளை மட்டும் பார்த்து எடுக்கும் கணக்கு பாதிக் கணக்குதான்.

டெல்லியில் நடந்தது இதற்குச் சான்று. 1955 இறுதியில் யமுனை வெள்ளத்தின்போது நஜஃப்கர் வாய்க்காலின் கழிவுநீர் வஜீராபாத் குடிநீர் நிலையத்துக்குள் புகுந்தது. கூடுதலாகக் குளோரின் கலந்ததால் பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் ஏறத்தாழ 29,300 பேருக்குக் காமாலை கண்டது. அதை இன்று ஏ வகை எனப்படும் நோயாகவே பலர் எண்ணியிருந்தனர். அந்த நோயாளிகளிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த சீரத்தை 1980 வாக்கில் சோதித்தபோது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்றானது. 1983இல் சோவியத் ஆய்வாளர் மிகாயில் பலயான் மின்னணு நுண்ணோக்கியில் கண்ட, பிற்பாடு இ என்று பெயர் பெற்ற வைரஸே காரணம் எனப் பின்னர் உறுதியானது. அந்தச் சீரத்தை யாரும் பத்திரப்படுத்தாமல் போயிருந்தால் இது தெரிந்திருக்காது.

ஏ, இ வகைகளுக்கு ஐஜிஎம் எதிர்ப்பொருளை எலிசா முறையில் தேடுவார்கள். இருந்தால் தொற்று அண்மையது. பி, சி வகைகளில்தான் சிக்கல். பி-யின் மேற்பரப்பு ஆன்டிஜென் புதிய நோயாளியிடமும் இருக்கும், பல ஆண்டுகளாகத் தொற்றைச் சுமப்பவரிடமும் இருக்கும். ஆறு மாதம் கழித்தும் நீடித்தால் அது நாட்பட்ட தொற்று. சி-க்கான எதிர்ப்பொருளோ, குணமான பிறகும் பல காலம் உடலில் தங்கிவிடும். இப்போதும் வைரஸ் உண்டா என்பதை ஆர்.என்.ஏ. சோதனையே சொல்லும். இந்த வேறுபாடு பாராமல் கூட்டப்படும் எண்கள் பயனற்றவை. டி வகை, பி உள்ளவரை மட்டுமே தாக்கும்; அதைத் தேடுவோர் குறைவு.

இந்தியாவில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர் எஸ் படிவத்தையும், மருத்துவர் பி (P) படிவத்தையும், ஆய்வகம் எல் படிவத்தையும் நிரப்பும் முறை வந்தது. இன்று இது இணையவழியில் நடக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் வைரஸ் ஆய்வகம் உள்ளது. தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கியது.

வைரஸின் வகை தெரிந்தால் தேடும் இடமும் மாறும். 2009இல் குஜராத்தின் மோடாசா வட்டாரத்தில் பலர் இறந்தபோது ஆய்வகம் பி என்றது; விசாரணை மீண்டும் மீண்டும் பயன்படுத்திய ஊசிகளை நோக்கிச் சென்றது.

குறைகளும் உண்டு. கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு வீட்டிலேயே தேறுபவர் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. அறிகுறி காட்டாத பி, சி தொற்றுகள் இன்னும் பெரிய இடைவெளி. 2022இல் உலகில் 25.4 கோடிப் பேர் பி-யுடனும் 5 கோடிப் பேர் சி-யுடனும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இரத்ததானம் செய்வோரிடம் எடுக்கும் கணக்கு இதற்கு ஈடாகாது. நலமாக இருப்பவர்களைத்தானே அங்கே தேர்ந்தெடுக்கிறார்கள். சோதிக்கப்பட்டோரின் மொத்த எண்ணிக்கையைத் தராத அறிக்கையைக் கொண்டு, கூடுவது நோயா சோதனையா என்று தீர்மானிக்க முடியாது.