வெந்நீர்த் தொட்டியும் பீர்க்கங்காய் நாரும்

ரிசார்ட்டுக்குப் போய் குமிழி விடுற வெந்நீர்த் தொட்டியில ஊறிட்டு வந்த ரெண்டாவது நாள், உடம்பெல்லாம் சிவப்பா, சீழ் கோத்த சின்னச் சின்னக் கொப்புளம். நம்ம சிவகங்கைச் சீமையில முதல் சந்தேகம் அம்மைதான். வீட்டு வாசல்ல வேப்பிலை ஏறிடும். இல்லன்னா சூட்டுக் கொப்புளம்னு கடையில ஒரு களிம்பு.

இது முடிக்கால்கள்ல வர்ற பாக்டீரியா தொற்று. கிருமி பழசு, நோய் புதுசு. அந்தக் கதையைப் பார்ப்போம்.

1882. காயத்துக்குக் கட்டுற துணி ஏன் நீலப்பச்சையா மாறுதுன்னு ஆராய்ஞ்ச பிரெஞ்சுக்காரர் கெஸ்ஸார், அந்தக் கிருமியைப் பிரிச்செடுத்தார். இன்னைக்கு அதன் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஏருகோன்னா லத்தீன்ல செம்புக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்துல படியுமே, அந்தப் பச்சை. தண்ணி, மண், ஈரம் எங்கேயும் இது வாழும்.

கலிஃபோர்னியாவுல விவசாய பம்ப் செய்துட்டிருந்த இத்தாலியக் குடும்பம் ஜக்குஸி. வீட்டுப் பையன் ஒருத்தனுக்கு மூட்டுவாதம். அவனுக்காக உருவான நீர்ச்சுழல் பம்ப் 1956-ல விற்பனைக்கு வந்தது. 1968-ல அது தொட்டியோடவே சேர்ந்துடுச்சு. வைத்தியம் சொகுசாச்சு.

1975-ல மெக்காஸ்லண்ட், காக்ஸ் என்ற இருவர், அமெரிக்காவின் மினசோட்டாவுல ஒரு மோட்டலின் சுழல்தொட்டியில குளிச்சவங்களுக்கு வந்த கொப்புளங்களுக்கு இந்தக் கிருமிதான் காரணம்னு எழுதினாங்க. வெந்நீர்த் தொட்டி நோயின் முதல் பதிவு அது.

ஏன் தொட்டியில? சூட்டுலயும் குமிழியிலயும் குளோரின் சீக்கிரம் தீர்ந்துடும். மிச்சத்தை வியர்வையும் எண்ணெயும் தின்னுடும். குழாய்க்குள்ள கிருமி வழவழன்னு படலமாப் படியும். 42 டிகிரியிலயும் வளரக்கூடிய கிருமி இது. ஊறித் தளர்ந்த முடிக்கால் அதுக்குத் திறந்த வாசல்.

நம்ம எண்ணெய்க் குளியல்லயும் வெந்நீர் உண்டு. ஆனா அண்டாவுலேர்ந்து மொண்டு ஊத்துற தண்ணி ஓடிடும். ஒருத்தர் குளிச்ச தண்ணியில அடுத்தவர் உட்கார மாட்டார். குடிதண்ணி ஊருணியில காலே நனைக்க விடமாட்டாங்க. உடனே 'முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல'ன்னு ஃபார்வர்ட் போட்டுடாதீங்க! 1993-ல நியூயார்க்கின் பொட்டோன் குழு, இதே நோய் பீர்க்கங்காய் நார்லேர்ந்தும் வந்ததை எழுதியிருக்கு. ஈரத்தோட குளியலறை மூலையில கிடக்கிற நார் அதுக்கு அருமையான வீடு.

அம்மையிலேர்ந்து எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? நீச்சலுடை மூடின இடுப்பு, தொடை, பிட்டத்துல அதிகம். தண்ணிக்கு மேல இருந்த முகம், கழுத்துல பெரும்பாலும் இருக்காது. கூடவே குளிச்ச மத்தவங்களுக்கும் வந்திருக்கும். ஆனா முடிவு பண்றது டாக்டர் வேலை. "எங்கே குளிச்சேன்"னு மட்டும் மறக்காம சொல்லுங்க.

பெரும்பாலும் 7–10 நாள்ல தானா ஆறிடும். வீட்டுல மிச்சமிருக்கிற அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியைத் தொடக்கூடத் தொடாது. ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைவா இருந்தாலோ தாமதிக்காம வாங்க.

செட்டிநாட்டு வீடுகள் பல இப்போ தங்கும் விடுதிகள். அங்கே வெந்நீர்த் தொட்டி வைக்கிறவங்களுக்கு: குளோரின் குறைஞ்சது 3 பிபிஎம், பிஹெச் 7-க்கும் 7.8-க்கும் நடுவுல. சோதிக்கிற தாள் விலை அதிகமில்ல. தங்கப் போறவங்க, "இன்னைக்கு அளந்தீங்களா"ன்னு கேட்டுட்டு இறங்குங்க.