வானத்திலிருந்து இறங்கிய இனிப்புப் பானைகள்

வங்காளத்துச் சிறுவர்களுக்கென 1913-இல் ‘சந்தேஷ்’ என்னும் மாசிகையைத் தொடங்கிய உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி அதில் 1915-இல் எழுதிய வேடிக்கைக் கதையை, அரை நூற்றாண்டு கடந்த பின் அவருடைய பேரர் சத்யஜித் ராய், தம் மகன் சந்தீப் குழந்தைகளுக்காகவும் ஒரு படம் எடுக்கும்படி கேட்டதை முன்னிட்டு, ‘கூபி காயின் பாகா பாயின்’ என்ற பெயரில் திரையில் அமைத்து 1969-இல் வெளியிட்டார். சுருதி சேராத பாடகன் கூபியும், தாளம் சேராத மத்தளக்காரன் பாகாவும் தத்தம் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டு, காட்டில் பூதராஜனைச் சந்தித்து மூன்று வரங்கள் பெறுகிறார்கள். அங்கே நிகழும் பூதங்களின் நடனத்துக்கு மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் என்ற நம் தென்னாட்டுத் தாளவாத்தியங்களையே ராய் தேர்ந்தெடுத்தார் என்பது நமக்குப் பெருமிதம் தரும் செய்தி.

ஆயினும் என் சிந்தனையை விடாமல் ஈர்ப்பது படத்தின் முடிவுதான். மந்திரி புகட்டும் மருந்தினால் வெறிகொண்ட ஹல்லா அரசன், தன் சொந்தச் சகோதரன் ஆளும் சுண்டி நாட்டின்மீது படை அனுப்புகிறான். அப்படையினரோ உண்ண உணவின்றி, எழுந்து நிற்கவும் திராணியற்றவர்கள். கூபி பாடுகிறான், கேட்டோரை அசையாது நிறுத்தும் வரத்தின் மகிமையால் சேனை உறைந்து நிற்கிறது. இத்துடன் கதை முடிந்திருந்தால், பாட்டு ஓய்ந்த கணமே ஈட்டிகள் மறுபடி உயர்ந்திருக்கும் அல்லவா? அப்போதுதான், விரும்பிய உணவை வரவழைக்கும் முதல் வரம் துணைக்கு வருகிறது. வானத்திலிருந்து மண்பானைகள் வரிசை வரிசையாக மிதந்து இறங்குகின்றன. ஆயுதங்களை எறிந்துவிட்டு ஒட்டகங்களை விட்டுக் குதித்த வீரர்கள், இரு கைகளாலும் இனிப்பை அள்ளி வாய்நிறையத் திணித்துக்கொள்கிறார்கள். மருந்தின் வேகம் தணிந்த அரசனும் சிறு பிள்ளையைப் போல் குதூகலித்து வெளியே ஓடிவருகிறான். சங்கீதம் யுத்தத்தைத் தாமதப்படுத்தியது; அதை அர்த்தமற்றதாக்கியது அன்னமே என்று நான் துணிந்து சொல்வேன். 1943-இன் மகா பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்களும், 1966-இல் உணவுக்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்களும் நிறைந்திருந்த வங்காளத்தில், அந்தப் பானைகளைக் கண்ட பெரியவர்களுக்கு அது வெறும் மாயாஜாலக் காட்சியாகத் தோன்றியிராது. அந்தப் பஞ்சத்தையே பொருளாகக் கொண்டு ராய் 1973-இல் ‘அசனி சங்கேத்’ என்ற படத்தை எடுத்தார்.

சகோதரர்கள் கூடுகிறார்கள், ஊமைகளாயிருந்த சுண்டி மக்கள் பேசுகிறார்கள், இரு நண்பர்களுக்கும் இரண்டு ராஜகுமாரிகள் மணப்பெண்களாக வாய்க்கிறார்கள். இவை குழந்தைக் கதை கேட்போருக்குச் சேரவேண்டிய நியாயமான பங்கு. கறுப்பு வெள்ளையிலேயே ஓடிவந்த படம் இந்த இறுதிக் கட்டத்தில் திடீரென வர்ணமயமாகிறது. படம் முழுவதையும் வண்ணத்தில் எடுக்க விரும்பியும் பொருள் வசதி போதாமையால் அதைக் கடைசிக் காட்சிக்கு மட்டுமே ஒதுக்க நேர்ந்த ராய், 1980-இல் ‘ஹீரக் ராஜார் தேஷே’ என்ற அடுத்த பாகத்தை முற்றிலும் வண்ணத்திலேயே எடுத்தார். அதில் கூபியும் பாகாவும் அரசர்களின் மருமகர்களாகவே மீண்டும் தோன்றினார்கள்.