முத்துலட்சுமி கேட்டது

முத்துலட்சுமி ரெட்டி என்றதும் என் மாணவிகள் ‘முதல் பெண்’ பட்டியலை ஒப்பிக்கிறார்கள். சட்டசபையில் அவர் அரசிடம் என்ன கேட்டார் என்றால் மௌனம். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கச் சட்டம் கேட்டு 1927இல் சென்னை மாகாண சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் அவர். எனக்கு முக்கியமாகப் படுவது 1929இன் அறநிலையச் சட்டத் திருத்தம். கோயில் ஊழியம் செய்தால்தான் இனாம் நிலம் என்றிருந்த கட்டை அது அவிழ்த்தது. ஊழியத்தை விட்ட பெண்ணிடமே நிலம் தங்கியது. ஒழுக்கம் பேசிய ஆண்களுக்கு இந்தச் சோற்றுக் கணக்கு தோன்றவில்லை. என் சங்கடமும் உண்டு: தடையை எதிர்த்துத் தேவதாசிப் பெண்களே மனு எழுதினார்கள். அதைப் படிக்காமல் அவரைக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. காந்தி கைதானபோது, 1930இல், அவர் பதவி விலகினார். தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது.