மணி ஜெகதீசன்

மணி ஜெகதீசன் (பிறப்பு: 2 நவம்பர் 1943, கோலகங்சார், பேராக்) மலேசியாவின் குறுவிரைவு ஓட்ட வீரர், மருத்துவர், நுண்ணுயிரியல் ஆய்வாளர். ரோம் (1960), டோக்கியோ (1964), மெக்சிகோ நகரம் (1968) ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடினார். ஆசிய விளையாட்டுகளில் 1962இல் ஒன்றும் 1966இல் மூன்றுமாக நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். ஒலிம்பிக் ஓட்டப் பந்தயத்தில் அரையிறுதிவரை முன்னேறிய முதல் மலேசியர் இவரே. மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியதால் ‘பறக்கும் டாக்டர்’ என்ற பட்டப்பெயர் நிலைத்தது. பின்னாளில் டான் ஸ்ரீ விருது பெற்றார்.

தடகள ஏடுகளில் இவர் பெயர் ‘மணி ஜெகதீசன்’ என்றே பதிவாகியிருக்கிறது. அதில் ஜெகதீசன் என்பதுதான் இவருடைய பெயர். மாணிக்கவாசகம் என்ற தந்தை பெயரின் சுருக்கம் மணி. ஓட்டம் நின்ற பிறகு எழுதிய மருத்துவக் கட்டுரைகளில் எம். ஜெகதீசன் என்று காணலாம்.

ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பிறந்து, மலாயா விடுதலை பெற்ற 1957இல் பதின்மூன்று வயதைக் கடந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அந்நாளில் மலாயாவில் ஓட்டக்காரர்களை உருவாக்கிய இடம் பள்ளித் திடல்தான். ஆண்டு விளையாட்டு விழா, பள்ளிகளுக்கு இடையிலான பந்தயம், மாநிலப் பந்தயம் என்று படிப்படியாக மேலே வரவேண்டும். இந்தியர்களும் இலங்கைத் தமிழர்களும் தங்களுக்கென்று கழகங்களை வைத்திருந்தனர். கோலாலம்பூரில் டிபிசிஏ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட தமிழர் உடற்பயிற்சிக் கழகம் அவற்றுள் ஒன்று. சம்பளத்துக்கு ஓடுவது என்ற பேச்சே இல்லை. படிப்போ வேலையோ ஒருபுறம் நடக்க, மிஞ்சும் மாலைப்பொழுதில்தான் பயிற்சி.

1960இல் ரோமுக்குச் சென்ற மலாயா அணியில் ஜெகதீசன் இடம்பெற்றபோது வயது பதினாறு. 400 மீட்டர் ஓட்டத்தில் பங்கேற்று முதல் சுற்றோடு வெளியேறினார். அதே ஓட்டத்தின் இறுதிப் பந்தயத்தில் அமெரிக்காவின் ஓட்டிஸ் டேவிஸ் 44.9 விநாடியில் உலகச் சாதனை படைத்தார். ‘பறக்கும் சீக்கியர்’ மில்கா சிங் நான்காவதாக வந்தார். உலகத்தரம் என்பது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மலாயாப் பள்ளிப் பையன் ஒருவன் நேரில் அளந்து பார்த்த பந்தயம் அது.

பின்னர் 200 மீட்டரே இவருடைய முதன்மை ஓட்டமாயிற்று. இந்தத் தூரத்தில் முதல் பாதி வளைவு, அடுத்த பாதி நேர்கோடு. வளைவில் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். உள்பக்கம் சாய்ந்து அதை ஈடுகட்டாதவர் வேகத்தை இழப்பார். நேர்பாதைக்கு வந்தபின் எவராலும் வேகத்தைக் கூட்ட முடியாது. யாருடைய வேகம் குறைவாகச் சரிகிறதோ அவருக்கே வெற்றி. 100 மீட்டர் மட்டும் ஓடுபவர் கடைசி நாற்பது மீட்டரில் தளர்வதும், 400 மீட்டர் பழகியவர் அங்கே தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். ஜெகதீசனுக்கு இரண்டு பக்கமும் கைவந்திருந்தது.

அதற்கான முதல் பலன் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கிடைத்தது. முந்தைய 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 200, 400 இரண்டையும் வென்றவர் மில்கா சிங். ஜகார்த்தாவில் 400 மீட்டர் தங்கம் மீண்டும் மில்காவுக்குப் போக, 200 மீட்டர் தங்கத்தைப் பத்தொன்பது வயது நிரம்பாத ஜெகதீசன் 21.3 விநாடியில் வென்றார். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் நுழைவு மறுக்கப்பட்டதால் எழுந்த சர்ச்சைதான் அந்தப் போட்டியைப் பற்றி அதிகம் பேசப்படுவது. மலாயாவைப் பொறுத்தவரை நினைவில் நிற்க வேண்டியது இந்த ஓட்டம்.

மருத்துவம் படிக்க விரும்பிய மலாயா மாணவர்கள் அப்போது சிங்கப்பூருக்கே சென்றனர். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு அந்தப் பத்தாண்டில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. ஜெகதீசனும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே நகரில் ஓடிக்கொண்டிருந்தார் இன்னொரு தமிழர், ஆசிரியரான சி. குணாளன். 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானது. மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே மலேசிய அணியில் இருந்தனர். ஜெகதீசன் 200 மீட்டரில் அரையிறுதிவரை முன்னேறினார். ரோமில் மலாயாவின் சட்டையோடு ஓடியவர், டோக்கியோவில் சிங்கப்பூரும் சபாவும் சரவாக்கும் சேர்ந்த மலேசியாவுக்காக ஓடினார். நான்கு ஆண்டு கழித்து மெக்சிகோவில் சிங்கப்பூர் இல்லாத மலேசியாவுக்காக ஓடினார். ஒரே மனிதரின் மூன்று ஒலிம்பிக் பயணங்களில் நாட்டின் வரைபடம் இரண்டு முறை மாறியிருந்தது.

சிங்கப்பூர் பிரிந்தது 1965 ஆகஸ்டு 9. அதே ஆண்டு டிசம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் (இன்றைய சீ விளையாட்டுகளின் முன்னோடி) கோலாலம்பூரில் நடந்தன. லாவோஸ் ஏற்று நடத்த இயலாமல் விலகியதால் வந்த வாய்ப்பு அது. 1957இல் விடுதலை அறிவிப்புக்காகக் கட்டப்பட்ட மெர்டேக்கா அரங்கத்தில், சொந்த நாட்டுப் பார்வையாளர்கள் முன்னிலையில் ஜெகதீசன் குறுவிரைவு ஓட்டங்களில் தங்கம் வென்றார்.

இவருடைய ஓட்ட வாழ்வின் உச்சம் 1966 டிசம்பரில் பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டு. 100 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஜெகதீசனும் சிங்கப்பூருக்காக ஓடிய குணாளனும் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைத் தொட்டனர். இருவருக்கும் 10.5 விநாடி என்றே நேரம் குறிக்கப்பட்டது. முடிவுக்கோட்டு நிழற்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஜெகதீசனுக்கு என்று தீர்ப்பாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே அணியில் இருந்த இரு தமிழர்கள், வெவ்வேறு கொடிகளின் கீழ் ஆசியாவின் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களின் விளையாட்டு வரலாற்றில் இதற்கு இணையாக வைக்கத்தக்க பந்தயம் அரிது. தொடர்ந்து 200 மீட்டரிலும் 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்திலும் ஜெகதீசனுக்குத் தங்கம் கிடைத்தது. அதே போட்டியில் எம். ராஜாமணி பெண்கள் 400 மீட்டரை வென்றார். மலேசியா அந்த ஆண்டு முதன்முறையாக வழங்கிய தேசிய விளையாட்டாளர் விருதுகள் இவ்விருவருக்கும் அளிக்கப்பட்டன.

மெக்சிகோ நகரத்துக்கு 1968 அக்டோபரில் ஓடச் சென்றபோது மருத்துவராகியிருந்தார். அங்கே இரண்டு காரணங்கள் குறுவிரைவு ஓட்டக்காரர்களுக்குத் துணைநின்றன. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. வேகமாக ஓடுபவர் மீது காற்று தரும் தடையும் குறைகிறது. மேலும், ஒலிம்பிக்கில் செயற்கை ஓடுபாதை பயன்பட்டது அப்போதுதான் முதல்முறை. அதுவரை புல்லும் கரித்தூளும் பரப்பிய தடங்களில் ஓடிப் பழகியவர்களுக்கு, மழைக்கு இளகாத, காலை உள்வாங்காத பரப்பு புதிது. ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். இரண்டாம் முறையாக ஒலிம்பிக் அரையிறுதியில் நின்றார். குணாளன் அதே மெக்சிகோவில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடிச் சிங்கப்பூர்ச் சாதனை படைத்தார். அது 2001 வரை நீடித்தது. இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது முடிந்த மெக்சிகோ ஒலிம்பிக்கோடு ஜெகதீசன் பந்தயங்களிலிருந்து விலகினார். இன்றைய அளவுகோலில் ஓட்டக்காரர் ஒருவர் முதிர்ச்சி பெறும் வயது அது. ஆனால் மருத்துவப் பணியும் அன்றாடப் பயிற்சியும் ஒன்றாக நடக்க அன்று வழியில்லை.

அடுத்த பணிக்களம் கோலாலம்பூர் ஜாலான் பகாங்கில் உள்ள மருத்துவ ஆய்வுக் கழகம். 1900இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்ததால் உலகப் புகழ் பெற்றது. ஜெகதீசன் அங்கே நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றி, பின்னர் அதன் இயக்குநரானார். குடற்காய்ச்சலுக்கும் உணவு நஞ்சாதலுக்கும் காரணமான சால்மோனெல்லா பாக்டீரியாக்கள் இவருடைய முக்கிய ஆய்வுப்பொருள். 1973 முதல் 1982 வரை மலேசியாவில் மனிதர்களிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சால்மோனெல்லா வகைகளைத் தொகுத்து 1984இல் வெளியிட்ட கட்டுரை, எந்த வகை எவ்வளவு பரவியிருந்தது என்பதைப் பத்தாண்டுக் கணக்கில் காட்டியது. விளையாட்டுப் பக்கங்களில் இடம்பெறாத இந்த வேலையும் பதக்கங்களுக்குக் குறைந்ததல்ல. சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் பொறுப்புவரை உயர்ந்தார்.

விளையாட்டோடு இருந்த உறவு மருத்துவத்தின் வழியாகவே தொடர்ந்தது. ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுத் தலைவராகவும் காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனத்தின் மருத்துவ ஆலோசகராகவும் நீண்டகாலம் இருந்தார். ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுப்பது, ஆய்வகத்துக்கு அனுப்புவது, முடிவு பாதகமாக வந்தால் வீரரின் விளக்கத்தைக் கேட்பது எனப் பல படிகள் கொண்ட பணி அது. ஓட்டக்காரராக நின்று பார்த்தவர் என்பதால் ஒரு பதக்கத்தைப் பறிப்பதன் பாரமும், பறிக்காமல் விடுவதால் அடுத்து வந்தவருக்கு நேரும் அநீதியும் இவருக்குப் புதியவை அல்ல.

மெக்சிகோவில் பதிவான 20.92 விநாடி மலேசியாவின் 200 மீட்டர் தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நீடித்தது. மின்னணு நேரக்கருவிகளும் செயற்கைத் தடங்களும் மாநிலத் தலைநகரங்கள்வரை வந்து, அரசின் முழுநேரப் பயிற்சித் திட்டங்களும் உருவான பின்னும் அது அசையவில்லை. 2017இல் கைருல் ஹாபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடி அதை முறியடித்தார்.