யானை பாரசீகருக்கு, ஏரி எவருக்குமில்லை

2000ஆம் ஆண்டையொட்டிய நாட்களில், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் குறுகலான மாடிப்படியேறி, மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திப் போர் புரிந்தவர்கள் நம்முள் பலர் உண்டு. பகலில் வகுப்பில் சோழர் மெய்க்கீர்த்தி. மாலையில் கணினியில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. இரண்டும் ஒரே நூற்றாண்டுகளைப் பற்றியவை என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

1999 செப்டம்பரில் வெளிவந்த அவ்விளையாட்டின் களம், ரோம் வீழ்ந்த பின்னான இடைக்காலம். பிராங்குகள், பைசாந்தியர், மங்கோலியர் என 13 நாகரிகங்கள் அதில் இடம்பெற்றன. மறு ஆண்டு வந்த விரிவாக்கத்தில் மேலும் ஐந்து. இந்தப் பதினெட்டில் இந்தியத் துணைக்கண்டத்துக்கு ஓரிடமும் இல்லை. போர்யானை மட்டும் இருந்தது. அதுவும் பாரசீகருக்கே உரியதாய்! வேறு வழியின்றிப் பாரசீகரைத் தேர்ந்து, அவர்தம் யானைகளைச் சோழ யானைகளாகப் பாவித்துக்கொண்டோம். தீனதயாளு தெரு வானதி பதிப்பகத்தில் வாங்கிய 'கடல் புறா' அப்பாவனைக்கு உரமிட்டது.

2013இல் 'இந்தியர்' என்றொரு பொதுப்பெயர் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் அது பிரிக்கப்பட்டு, 'திராவிடர்' தனி நாகரிகமாயினர். இராஜேந்திரன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் வந்தது. தமக்குள் ஓயாது பொருத அரச மரபுகளை, 1856இல் கால்டுவெல் ஒரு மொழிக்குடும்பத்துக்கு நிலைபெறச் செய்த பெயரில் அடக்குவது முறையா? இடைக்காலத்து மன்னர் எவரும் தம்மைக் குறித்துக்கொண்ட முறை அதுவன்று என்பதே நம் கருத்து. ஆயினும் 23 ஆண்டுகள் காத்திருந்தவர்க்கு மகிழ்ச்சி மறைக்க இயலவில்லை.

சில இடங்களில் அதை ஆக்கியோர் வரலாற்றை நன்றாகவே படித்திருக்கின்றனர். திராவிடருக்குக் கனத்த குதிரைவீரர் கிடையாது. நல்ல குதிரைக்குக் கடல்கடந்த வணிகரை நம்பியிருந்த நாடு இது. குதிரைச் செட்டிகள் கல்வெட்டுகளிலேயே வருகின்றனர். மாறாகக் கப்பலும் மீன்பிடியும் வலுவானவை. சுருள்வாளாகிய உருமி ஏந்திய வீரரும், 'திரிசடை' என்ற பெருங்கலமும் உண்டு. 1025ஐ ஒட்டிய கடாரப் படையெடுப்பை அறிந்தவர்க்கு இது வியப்பன்று.

பிழை வேறிடத்தில் உள்ளது. இவ்விளையாட்டில் ஒரு வயலுக்கு வேண்டியது 60 அளவு மரம் மட்டுமே. வளம் தீர்ந்தால் மீண்டும் மரம் செலுத்தி வயலைப் புதுப்பிக்கலாம். நீர் தேவையில்லை! மழையை நம்பிய ஐரோப்பிய வயலுக்கு இவ்விதி ஒருவாறு பொருந்தும். வடகிழக்குப் பருவமழையைச் சில வாரங்களில் பிடித்து ஆண்டு முழுதும் பங்கிட்ட தொண்டை நாட்டுக்கு எங்ஙனம் பொருந்தும்? முதலாம் பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலை முறையில் தேர்ந்த உறுப்பினருள் அறுவர் ஏரி வாரியத்துக்கு. ஏரி பேணுவதற்கென்றே ஊர்ச்சபையில் ஒரு குழு! கடாரம் சென்ற கலங்களுக்கும் முன்னே, அவற்றுக்குச் சோறிட்ட நெல் இப்படி விளைந்தது. விளையாட்டிலோ கோட்டையுண்டு, சந்தையுண்டு, துறைமுகமுண்டு. ஏரியும் இல்லை, சபையும் இல்லை. எல்லா உழவரையும் ஏவுவது ஆடுபவரின் ஒற்றைச் சுட்டியே.

இதை அமெரிக்கக் கலைஞர்களின் அறியாமை என்று முடித்துவிட நமக்கு வாய் எழவில்லை. நாம் அமர்ந்து ஆடிய தியாகராய நகரே, மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வடித்து 1920களில் எழுப்பிய குடியிருப்பு. அவ்வேரிப் படுகையின்மேல், விசிறி சுழலும் அறையில், நீரற்ற வயல்களை மணிக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. ஆட்டம் முடிந்து இரவில் நண்பர் சிலர் மேற்கு மாம்பலத்துக்கு நடந்து திரும்புவர். அவர்கள் செல்லும் தெருவின் பெயர்ப்பலகையில் 'லேக் வியூ ரோடு' என்றிருக்கும், இருபுறமும் வீடுகள்.