பலூராவும் தந்தபுரமும்: கலிங்கக் கடற்கரை ஊர்ப்பெயர் ஒன்று

ஒடிசாவின் கடற்கரை என்றவுடன் பூரியும் கோணார்க்கமும் நினைவுக்கு வருதல் இயல்பு. கோயில்களால் புகழ்பெற்ற இவ்விரண்டினும் பழமையான கடல்வழிச் சான்று, கஞ்சம் மாவட்டத்தில், சிலிகாக் காயலின் தென்கோடியில் உள்ள பாலூர் என்னும் சிற்றூரைச் சார்ந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இயற்றிய புவியியல் நூல் குறிப்பிடும் ‘பலூரா’ இவ்வூரே என்பர். வங்கக் கடலைக் குறுக்கே கடந்து கீழ்க்கரையின் சதா என்னும் துறையை அடையும் தொலைவைத் தாலமி பலூராவிலிருந்தே கணக்கிடுகிறார். அவர் தரும் அளவு 13,000 ஸ்டேடியம். கரையோரமாக வந்த கலங்கள் ஆழ்கடலை நோக்கித் திரும்பிய எல்லையாக இப்பகுதி விளங்கியமை இதனால் பெறப்படும்.

இப்பெயரைத் தமிழறிஞர் கவனத்திற்கு உரியதாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி. பலூரா என்பது ‘பல்’, ‘ஊர்’ என்னும் திராவிடச் சொற்களின் சேர்க்கை என்றும், பாலி நூல்கள் கலிங்கத்தின் தலைநகராகக் கூறும் தந்தபுரம் அதன் நேர்மொழிபெயர்ப்பே என்றும் 1925இல் அவர் எழுதினார். ஒரே நகருக்கு மக்கள் வழக்கில் ஒரு பெயரும் நூல் வழக்கில் வேறொரு பெயரும் நிலவின என்பது அவர் கருத்தின் சாரம். தமிழ் கற்றோரை எளிதில் ஈர்க்கும் கருத்து இது. அதனாலேயே இதனைச் சற்று நிறுத்தி ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, புத்தரின் பல். கலிங்கத்துத் தந்தபுரத்தில் இருந்த புனிதப் பல் நான்காம் நூற்றாண்டில் சிறிமேகவண்ணன் காலத்தில் இலங்கை சென்றது என்பது பௌத்த மரபு. தாடாவம்சம் இதனை விரித்துரைக்கிறது. ஆயின் தீக நிகாயத்தின் மகாகோவிந்த சுத்தம் தந்தபுரத்தைப் புத்தருக்கு மிக முற்பட்ட காலத்து நகராகவே கூறுகிறது. எனவே பல்லால் நகர் பெயர் பெற்றது என்பதைவிட, நகரின் பெயரைப் பற்றிப் பல்லின் கதை வளர்ந்தது என்பதே பொருந்தும்.

இரண்டாவது, சொற்பொருள். பாலியில் ‘தந்த’ என்பது பல்லையும் யானைக் கொம்பையும் ஒருங்கே குறிக்கும். கலிங்கம் யானைக்குப் பெயர்பெற்ற நாடு. தந்தபுரம் கொம்பு வாணிகத்தால் பெயர் பெற்ற நகராயின், பல்லூர் அதன் மொழிபெயர்ப்பாகாது. தமிழ் யானைக் கொம்பைக் கோடு, மருப்பு எனக் கூறுமேயன்றிப் பல் என வழங்குவதில்லை. மேலும், கிரேக்க எழுத்து அகர ஆகார வேறுபாட்டைக் காட்டாது. பலூரா ‘பல்’லின் அடியாகவும் இருக்கலாம், ‘பால்’ என்பதன் அடியாகவும் இருக்கலாம். இன்றைய ஒலிப்பைக் கொண்டு பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய உயிரளவை அறுதியிடவும் இயலாது.

மூன்றாவது, இடம். ஸ்ரீகாகுளத்தை அடுத்த தந்தவக்த்ருனி கோட்டையும் தந்தபுரமாகக் கருதப்படுகிறது. பௌத்த எச்சங்கள் அங்குக் கிடைத்திருத்தலால் அக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

இவ்வளவு தடைகளுக்குப் பின்னும் ‘ஊர்’ என்னும் ஈறு நிலைக்கிறது. லெவியின் கருத்தில் உறுதியான பகுதி இதுவே. ஆயினும் திராவிடச் சொல் என்பது தமிழ்ச் சொல் என்பதன்று. பாலூருக்குத் தெற்கே தெலுங்கும் மேற்கு மலைகளில் குயி, குவி மொழிகளும் இன்றும் பேசப்படுகின்றன. அக்கரைக்கு அண்மையில் வழங்கும் இம்மொழிகளை விடுத்துத் தொலைவிலுள்ள தமிழைச் சான்றாகக் கொள்வது முறையன்று.

பெயரினும் தெளிவாகப் பேசுவது காயல். கோடையில் ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டரும் மழைக்காலத்தில் 1,100க்கு மேலும் பரவும் சிலிகா, அலைக்கு அஞ்சிய கலங்களுக்கு அடைக்கலமாயிற்று. மணல்திட்டிலுள்ள மாணிக்கபட்டணத்து அகழாய்வில் சக்கரக்கோட்டு மட்கலங்களும் சீனப் பீங்கானும் வெளிப்பட்டன. எனினும் இத்துறைகளின் வாழ்வு கடல்வாயைப் பொறுத்தது. மகாநதியின் கிளையாறுகள் வண்டலைக் கொணர்கின்றன. கரையோர நீரோட்டம் மணலைத் தள்ளி வாயை இடம்பெயர்க்கிறது. அண்மைக் காலத்தும் இது நிகழ்ந்தது. உவர்ப்புக் குன்றிக் களைகள் பெருகியமையால், 1981இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சிலிகா, 1993இல் சீர்கேடுற்ற ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. 2000 செப்டம்பரில் புதிய வாய் வெட்டப்பட்டது. மீன்வளம் மீண்டது. 2002இல் சிலிகா அப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. பழங்காலத்தில் அவ்வாறு வாய் வெட்டுவார் இலர். கடல் விலகிய துறை ஊராகச் சுருங்கியது. பாலூரை அடுத்த குன்று மட்டும் கடலிலிருந்து நோக்குவார்க்கு இன்றும் அடையாளமாக நிற்கிறது.