கயிறும் கடிகாரமும்

ஆள் எடுக்கும் விஷயத்தில் மனிதன் காட்டியிருக்கும் சாமர்த்தியங்களை எழுதப் புகுந்தால் அதுவே ஒரு தனிச் சரித்திரமாகிவிடும். சிப்பாயை மார்பளந்து எடுத்தார்கள். குமாஸ்தாவைக் கையெழுத்தைப் பார்த்து எடுத்தார்கள். மாப்பிள்ளையை எதைப் பார்த்து எடுக்கிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது, திருடனைப் பிடிப்பவனையும் தீயை அணைப்பவனையும் ஒரே மைதானத்தில் ஓடவிட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைப் பற்றி.

தமிழ்நாட்டில் 1991-ஆம் வருஷம் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் என்று ஒன்றை அமைத்தார்கள். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் என்ற மூன்று உத்தியோகங்களுக்கும் பொதுப் பரீட்சை நடத்துவது அதன் வேலை. 2020-ல் வந்த அறிவிப்பில் மொத்தம் 10,906 இடங்கள். அவற்றில் தீயணைப்பாளர் 458, சிறைக் காவலர் 119; பாக்கி அத்தனையும் போலீஸ். மூன்றுக்கும் ஒரே எழுத்துப் பரீட்சை, ஒரே ஓட்டம், ஒரே கயிறு.

ஆதியில் இந்த உத்தியோகங்கள் ஒன்றன் முகத்தை ஒன்று பார்த்ததுகூடக் கிடையாது. 1829-ல் லண்டனில் ராபர்ட் பீல் போலீஸ் படையை ஏற்படுத்தியபோது, ஆள் 35 வயதுக்குள் இருக்கவேண்டும், குறைந்தது ஐந்து அடி ஏழு அங்குலம் நிற்கவேண்டும் என்று விதித்தார்கள். ஓடச் சொன்னதைவிட நிற்கச் சொன்னதே முக்கியம். கும்பலுக்கு நடுவே அவன் தலை தெரியவேண்டும். அந்தத் தலையைக் கண்டதும் பாதிப்பேர் கலைந்துவிட வேண்டும். போலீஸ்காரனின் உயரம் அவன் பலத்துக்கு அத்தாட்சி அல்ல, சர்க்காரின் விளம்பரப் பலகை என்பது என் அபிப்பிராயம்.

தீயணைப்புக்கு வந்தவர்கள் வேறு ஜாதி. 1824-ல் எடின்பரோ நகரத்தில் படை திரட்டிய ஜேம்ஸ் பிரெய்ட்வுட், ஆளின் உயரத்தைப் பார்க்கவில்லை, தொழிலைப் பார்த்தார். ஓடு வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலைக்காரர், கொல்லர் என்று பொறுக்கி எடுத்தார். ஓடு வேய்பவனுக்குக் கூரைமேல் நடப்பது வீட்டுத் திண்ணையில் நடப்பது மாதிரி. எந்தச் சுவர் எப்போது சாயும் என்பது கொத்தனுக்கும் தச்சனுக்கும் தெரியும். கொல்லனுக்கும் குழாய்க்காரனுக்கும் தண்ணீர் யந்திரம் அடங்கும். இதைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு முறையை நான் படித்ததில்லை. அந்த மனிதரே பிற்பாடு லண்டன் படைக்குத் தலைவராகி, 1861-ல் டூலி தெருவில் எரிந்த கிடங்கின் சுவர் மேலே சாய்ந்து இறந்துபோனார். அவருக்குப்பின் வந்த ஷா என்பவர் கப்பல்காரர்களையே விரும்பிச் சேர்த்தார். இரவு பகல் பாராத காவல், சொன்னதைக் கேட்கும் பழக்கம், கயிற்றில் ஏறும் கை மூன்றும் அவர்களிடம் இருந்தன. நம் மைதானத்தில் தொங்கும் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்காரர்கள் ஞாபகம் வருகிறார்கள்.

ஆக, ஒருவனுக்கு உருவம், மற்றவனுக்குத் தொழில். இரண்டையும் விட்டுவிட்டு, செய்யப்போகும் வேலையை அளந்து பார் என்ற எண்ணம் வெகு தாமதமாகத்தான் வந்தது. அதையும் உத்தியோகம் கொடுப்பவர்கள் தாமாக நினைத்துக்கொள்ளவில்லை. உத்தியோகம் மறுக்கப்பட்ட பெண்கள் கோர்ட்டுக்குப் போய் நினைக்க வைத்தார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் சிறைக் காவலருக்கு ஐந்து அடி இரண்டு அங்குல உயரமும் 120 ராத்தல் எடையும் வேண்டும் என்று விதி. எடை போதவில்லை என்று டயான் ராலின்சன் என்ற பெண்ணைத் திருப்பி அனுப்பினார்கள். 1977-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த உயரம், எடை விதியை ஒப்புக்கொள்ளவில்லை. உங்களுக்கு வேண்டியது பலம் என்றால் பலத்தையே சோதித்துக்கொள்ளலாமே, தராசு எதற்கு என்பதே தீர்ப்பின் சாரம்.

சோதித்தால் மட்டும் தீர்ந்ததா? நியூயார்க் தீயணைப்புப் படையின் தேகப் பரீட்சையில் முதல் தடவையாகப் பெண்கள் கலந்துகொண்டார்கள், ஒருத்திகூடத் தேறவில்லை. சட்டக் கல்லூரி மாணவியான பிரெண்டா பெர்க்மன் வழக்குத் தொடுத்தார். பரீட்சைக்கும் தீயணைப்பு வேலைக்கும் உள்ள சம்பந்தத்தை நகரசபை ருசுப்படுத்தவில்லை என்று 1982-ல் தீர்ப்பாயிற்று. பரீட்சையை மாற்றி வைத்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். பெர்க்மன் காப்டனாக உயர்ந்து 2006-ல் ஓய்வு பெற்றார்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது கனடா கதை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத்தீ அணைக்கும் படையில் டானி மயோரின் என்ற பெண் மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்திருந்தாள். பிறகு சர்க்கார் புதிய பரீட்சை ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டரைக் கிலோமீட்டரைப் பதினொரு நிமிஷத்தில் ஓடவேண்டும். நான்கு தடவை ஓடினாள். அவளுடைய மிக நல்ல ஓட்டமே 49.4 விநாடி பிந்திவிட்டது. வேலை போயிற்று. நெருப்புக்கு முன்னால் நின்றவளை, நெருப்பே இல்லாத மைதானத்தில் தோற்றாய் என்று அனுப்பிவிட்டார்கள்! 1999-ல் உச்ச நீதிமன்றம் அவளை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்த வேகத்தில் ஓடினால்தான் இந்த வேலையைப் பத்திரமாகச் செய்யமுடியும் என்பதைச் சர்க்காரால் நிரூபிக்க முடியவில்லை.

அதே 1999-ல் அமெரிக்க, கனடா தீயணைப்பாளர் சங்கமும் தலைமை அதிகாரிகள் சங்கமும் கூடி ஒரு பரீட்சை வகுத்தன. 50 ராத்தல் கனமுள்ள சட்டையை மாட்டிக்கொண்டு, எட்டு வேலைகளைப் பத்து நிமிஷம் இருபது விநாடிக்குள் முடிக்கவேண்டும். படி ஏறுவது, தண்ணீர்க் குழாயை இழுப்பது, ஏணியை நிமிர்த்துவது, 165 ராத்தல் பொம்மையை இழுத்து வருவது, உத்தரத்தைக் குத்தித் திறப்பது எல்லாம் அதில் அடக்கம். தேறினான் அல்லது தேறவில்லை, அவ்வளவுதான். பிரெய்ட்வுட் உயிரோடிருந்தால் தலையசைத்திருப்பார்.

இந்தக் கண்ணோடு நம் மைதானத்துக்கு வருவோம். 2020 கணக்குப்படி, பொதுப் பிரிவில் ஆணுக்கு 170 சென்டிமீட்டர் உயரம். மார்பு 81, மூச்சை இழுத்தால் ஐந்து சென்டிமீட்டர் விரியவேண்டும். ஆக, பீல் காலத்து அளவுகோல் இன்னும் கையில் இருக்கிறது. அப்புறம் 1500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓடவேண்டும். அதற்கப்புறம் கயிறு: ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், ஆறு மீட்டர் ஏறினால் இரண்டு. ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு மார்க், இரண்டுக்கு ஐந்து. பிறகு நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல். கடைசியில் நூறு மீட்டர் அல்லது நானூறு மீட்டர் ஓட்டம். நூறு மீட்டரைப் பதின்மூன்றரை விநாடியில் ஓடுகிறவன் எந்தத் தீயை அணைக்க ஓடுகிறான் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். புகை நிறைந்த மாடியில் யாரும் நூறு மீட்டர் ஓடுவதில்லை.

ஆனாலும் நான் அந்தக் கயிற்றை எளிதில் அறுத்துவிடச் சம்மதியேன். விடியற்காலையில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஓடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். காலில் செருப்பில்லாதவனும் உண்டு. அவனிடம் போய், ‘தம்பி, இந்தப் பரீட்சைக்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லையாம்’ என்று சொன்னால் சிரிப்பான். சிபாரிசுக் கடிதத்துக்கு வழியில்லாத வீட்டிலிருந்து வந்தவன் அவன். கயிறு யாருடைய கடிதத்தையும் படிப்பதில்லை. கடிகாரத்துக்கு மாமன் மச்சான் கிடையாது. மூன்று வேலைக்கும் பொதுவாக வைத்த பரீட்சை மூன்றில் எதையும் சரியாக அளக்காமல் போகலாம். ஆனால் எல்லோர் கண்ணுக்கும் எதிரே அளக்கிறது. கனடாக்காரர்கள் பரீட்சைக்குக் கேட்ட நியாயம் வேறு, நம் பையன் கேட்கிற நியாயம் வேறு.

பையன் என்றுதான் எழுதினேன். பெண்களுக்கு அந்தக் கயிறு கிடையாது. அவர்களுக்கு 400 மீட்டர் ஓட்டமும், நீளம் தாண்டுதலும், குண்டு அல்லது பந்து எறிதலும், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டமும் உண்டு. அவற்றில் தேறினால் போலீஸுக்கும் சிறைக் காவலுக்கும் போகலாம். 2020 அறிவிப்பிலிருந்த 458 தீயணைப்பாளர் இடங்களும் ஆண்களுக்கே.

இதே தமிழ்நாட்டில் 2003-ல் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் என்ற இரண்டு பெண்கள் தீயணைப்புத் துறையில் கோட்ட அதிகாரிகளாகச் சேர்ந்திருந்தார்கள். வந்த வழி வேறு, குரூப் ஒன்று பரீட்சை. 2012 ஜனவரியில் சேப்பாக்கத்து எழிலகம் கட்டிடத்தில் தீப்பிடித்தபோது, பிரியா ரவிச்சந்திரன் தம் ஆட்களோடு உள்ளே போனார். பழைய கட்டிடம் இடிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் அங்கேயே இறந்தார். பிரியா பலத்த தீக்காயங்களோடு வெளியே கொண்டுவரப்பட்டார். பிறகு உடம்பு தேறி, அதே துறையில் வேலைக்குத் திரும்பினார்.